குற்றால மலையின் விலை

குற்றாலத்தின் பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளிக்கக் கட்டணம் கிடையாது. சீசனுக்கு வருகிறவர் பஸ்ஸுக்கும் விடுதி அறைக்கும் பணம் கொடுக்கிறார். எண்ணெய் தேய்த்துவிடுபவருக்கும் பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கும் கொடுக்கிறார். வண்டி நிறுத்தியதற்கு ரசீது வாங்குகிறார். தலையில் விழும் தண்ணீருக்கு மட்டும் எதுவும் கொடுப்பதில்லை. கணக்கேட்டைப் பார்த்தால் அந்தத் தண்ணீரின் விலை பூஜ்யம். மழையை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும் மலைக்காட்டின் விலையும் பூஜ்யம்தான். இந்தப் பூஜ்யம் பொய் என்று காட்டவும், அதன் இடத்தில் ஓர் எண்ணை வைக்கவும் பொருளியலாளர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து முயன்று வருகிறார்கள். தென்காசிக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கோ, அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே பலர் பலவிதமாக விலை போட்டிருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுக் கணவாயில் சற்றுத் தாழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாக உள்ளே நுழைவதால், மழைமறைவுப் பகுதியில் இருந்தும் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் கிடைக்கிறது. மலைமேல் பிறக்கும் சிற்றாறு தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இறங்கி, பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி, பேரருவியாகத் தரையைத் தொடுகிறது. அதோடு அதன் வேலை முடிவதில்லை. வரிசையாக உள்ள அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, மிஞ்சியது சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. கார் சாகுபடியும் பிசானமும் இந்த நீரை நம்பியவை. ஆக, ஒரே காட்டினால் பயன் பெறுபவர்கள் பலர்: குளிப்பவர், வயலுக்குப் பாய்ச்சுபவர், குடிநீர் குடிக்கும் ஊர்க்காரர், அருவியில் முழுகிக் குற்றாலநாதரைக் கும்பிடுபவர், அடிவாரத்தில் விறகு பொறுக்குபவர். இவர்களில் யாருடைய பயனுக்கு எப்படி விலை கட்டுவது என்பதுதான் சிக்கல்.

மன்னர் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் விசுவநாதர் கோயிலைக் கட்டியபோதும், குற்றாலத்துக் கோயிலுக்கும் சித்திர சபைக்கும் அடுத்தடுத்து வந்தவர்கள் கட்டளைகள் ஏற்படுத்தியபோதும், எழுதி வைக்கப்பட்டவை நிலமும் நெல்லும் விளக்கும். மலை அந்தக் கணக்குகளுக்கு வெளியே, தெய்வத்தின் இடமாக நின்றது. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை இயற்றியதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. குற்றால மலையின் அழகுக்காக ஒருவர் கைப்பொருளை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைக்கும் பழைய சான்று இது எனலாம். கொடை போய்ச் சேர்ந்தது கவிஞருக்கு, மலைக்கு அல்ல. பின்னாளிலும் பெரும்பாலும் இதே போக்குத்தான்.

மலையை முதன்முதலாக வரவுசெலவுக் கண்ணோடு பார்த்தது கிழக்கிந்தியக் கம்பெனி. டச்சுக்காரர் கையிலிருந்த மொலுக்காஸ் தீவுகளை ஆங்கிலேயர் 1796இல் பிடித்த பிறகு, சாதிக்காயையும் கிராம்பையும் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலேயே பயிரிடும் ஆசை அவர்களுக்கு வலுத்தது. ஈரமும் நிழலும் உள்ள குற்றாலம் அதற்குத் தோதான இடமாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி இங்கே வாசனைப் பயிர்த் தோட்டங்கள் போடப்பட்டன. கம்பெனி எதிர்பார்த்த அளவில் அவை பெருகவில்லை. ஆனாலும் வெளிநாட்டு மரங்களை மலையில் வளர்க்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. மலைமேல் உள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணையும், கடைவீதியில் சீசனுக்கு வந்து குவியும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. அக்காலத்தில் காட்டின் மதிப்பு என்றால், அதை அழித்துவிட்டு அங்கே எது விளையும் என்பதே. அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளை அதிகாரிகள் வெயிலுக்குத் தப்பிக் குற்றாலத்தில் பங்களா கட்டித் தங்கினார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830களில் இங்கே செடிகளைச் சேகரித்தார். அவருடைய படத்தொகுதிகளில் பல செடிகளுக்குக் குற்றாலமே பிறந்த ஊர். உடல்நலமும் தாவர அறிவும் இந்தக் காட்டிலிருந்து கிடைத்த பயன்கள்தாம். அவை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1882இல் வந்த சென்னை வனச் சட்டம் வேறொரு வகையில் விலை போட்டது. ஒரு மலையைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், வன உரிமைகளைத் தீர்மானிக்கும் அதிகாரி ஒருவர் மேய்ச்சல், நீர், விறகு, பாதை என்று மக்கள் கோரும் உரிமைகளை விசாரிக்க வேண்டும். சிலவற்றை ஏற்கலாம், சிலவற்றை மறுக்கலாம், சிலவற்றுக்கு ஈடு கொடுத்துத் தீர்த்துவிடலாம். காட்டின் பயனை இழப்பதற்கு ஒருவருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கேள்வி அரசு அலுவலில் இப்படித்தான் நுழைந்தது. இன்றைய பொருளியல் கேட்கும் இரண்டு பெரிய கேள்விகளில் ஒன்று இது. காப்பதற்கு எவ்வளவு கொடுப்பாய் என்ற மற்றொன்றை அந்த அதிகாரி யாரிடமும் கேட்கவில்லை.

குத்தகைகளின் வரலாறு இன்னும் வெளிப்படையானது. தென்காசி மாவட்டத்தின் வடமேற்கே சிவகிரி மலைக்கு அப்பால் பெரியாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் அரசு 1886 அக்டோபர் 29இல் 8,000 ஏக்கர் காட்டுப் பள்ளத்தாக்கைச் சென்னை மாகாணத்துக்கு 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். மொத்தம் 40,000 ரூபாய். 1970இல் அது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. தெற்கே சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் மாஞ்சோலை மலையில் ஏறத்தாழ 8,400 ஏக்கரை 99 ஆண்டுகளுக்கு ஒரு தேயிலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. இரண்டு ஒப்பந்தங்களிலும் பேரம் பேசியவர்கள் தண்ணீருக்கும் தேயிலைக்கும் கணக்குப் பார்த்தார்கள். மூழ்கிய மரத்துக்கும் வெட்டிய காட்டுக்கும் தனியாக விலை சொல்ல அன்று ஆளும் இல்லை, முறையும் இல்லை.

முறை பிறந்தது அமெரிக்காவில். தேசியப் பூங்காக்களால் நாட்டுக்கு என்ன பொருளாதாரப் பயன் என்று அந்நாட்டுப் பூங்கா சேவைத் துறை 1947இல் பொருளியலாளர்களைக் கேட்டபோது, ஹெரால்டு ஹோட்டெலிங் ஒரு கடிதத்தில் பதில் எழுதினார். பூங்காவைச் சுற்றி வட்டங்கள் வரைய வேண்டும்; ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் மக்கள்தொகையில் எத்தனை பேர் வருகிறார்கள், வந்து போக என்ன செலவாகிறது என்று பார்க்க வேண்டும். தொலைவு கூடக் கூட வருகிறவர் விகிதம் எப்படிக் குறைகிறதோ, அதுவே நுழைவுக் கட்டணம் ஏறினால் கூட்டம் எப்படிக் குறையும் என்பதையும் சொல்லிவிடும். துறை அந்த யோசனையை அப்போது பொருட்படுத்தவில்லை. மரியன் கிளாசன் 1959இல் அதை நடைமுறைப்படுத்திய பிறகு பயணச் செலவு முறை உலகெங்கும் பரவியது.

குற்றாலத்தைப் போன்ற இடத்துக்கு இந்த முறை பொருந்தும். தென்காசிக்காரர் ஐந்து கிலோமீட்டரில் சைக்கிளில் வந்து குளித்துவிட்டுப் போகிறார். திருநெல்வேலிக்காரருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், அரைநாள் போதும். மதுரைக்காரர் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். சென்னைக்காரருக்கு ரயில் டிக்கெட், அறை, விடுப்பு எல்லாம் சேர்கிறது. சென்னைக்காரர் இவ்வளவு செலவழித்து வரத் தயார் என்றால், தென்காசிக்காரருக்கு அதே குளியல் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைப்பதன் லாபம் என்ன என்று கணக்கிடலாம். எல்லோருடைய லாபத்தையும் கூட்டினால் அருவியின் பொழுதுபோக்கு மதிப்பு.

ஆனால் கணக்கு சுலபமாக முடிவதில்லை. குற்றாலம் வருகிறவர் கோயிலுக்கும் போகிறார், பார்டர் கடைக்கும் போகிறார், பலர் அப்படியே பாபநாசத்துக்கோ திருச்செந்தூருக்கோ கிளம்புகிறார்கள். பயணச் செலவில் அருவியின் பங்கு எவ்வளவு? சாரல் ஏமாற்றும் ஆண்டில் கூட்டம் இல்லை என்பதற்காக மலையின் மதிப்பு குறைந்துவிட்டதா? இன்னொரு குறை பெரியது. இந்த முறை வந்து போகிறவரை மட்டுமே எண்ணுகிறது. குற்றாலத்தில் ஒரு முறைகூடக் குளிக்காமல், அதன் தண்ணீரில் இரண்டு போகம் எடுக்கும் கடைமடை விவசாயி அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

வராதவரையும் எண்ண வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆகவேண்டும். மண் பாதுகாப்பைப் பற்றி எழுதிய சிரியசி-வான்ட்ரப் 1947லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். ராபர்ட் டேவிஸ் 1963இல் ஹார்வர்டில் தன் ஆய்வேட்டுக்காக மெய்ன் மாநிலக் காடுகளில் வேட்டைக்காரர்களையும் உல்லாசப் பயணிகளையும் சந்தித்து, ஏலம் கூறுவதுபோல் தொகையை ஏற்றி ஏற்றிக் கேட்டார்: இவ்வளவு செலவானாலும் வருவீர்களா? 1967இல் ஜான் குருட்டில்லா ஒரு கட்டுரையில் இன்னொரு வாசலைத் திறந்தார். ஒரு காடு அழியாமல் இருக்கிறது என்ற நிறைவுக்கே, அதை ஒருநாளும் பார்க்கப் போகாத மனிதர் ஏதாவது கொடுக்கச் சம்மதிப்பார். அந்தச் சம்மதமும் பொருளாதார மதிப்புதான் என்றார். இருத்தல் மதிப்பு என்று அது பெயர் பெற்றது. தமிழ்நாட்டுக்காரருக்கு இது புதிதாகப் படாது. பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயில் காட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறையும் போகாதவர்களும் அது நிற்க வேண்டும் என்றே நினைக்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சி பெரிய சட்டச் சர்ச்சையில் சிக்கியது, 1989 மார்ச் 24இல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் அலாஸ்காக் கரையில் தட்டிச் சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டிய பிறகு. அலாஸ்கா மாநிலத்துக்காக நடந்த ஆய்வில், இப்படி இன்னொரு விபத்தைத் தடுக்க ஒரு குடும்பம் கொடுக்கச் சம்மதித்த நடுத்தொகை 31 டாலர். நாடு முழுவதற்கும் கூட்டினால் 280 கோடி டாலர். எண்ணெய்க் கம்பெனி தரப்புப் பொருளியலாளர்கள் முறையையே தாக்கினார்கள். அந்த விவாதத்தில் ஒரு பரிசோதனை மறக்க முடியாதது. எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் 2,000 பறவைகளைக் காப்பாற்ற என்ன கொடுப்பீர்கள் என்று ஒரு குழுவிடமும், 20,000 பறவைகளுக்கு என்று இன்னொரு குழுவிடமும், 2,00,000க்கு என்று மூன்றாவது குழுவிடமும் கேட்டார்கள். பதில்களின் சராசரி முறையே 80, 78, 88 டாலர். உயிர்களின் எண்ணிக்கை நூறு மடங்கு ஏறியும் தொகை அசையவில்லை. மக்கள் பறவைக்கு விலை சொல்லவில்லை, நல்ல காரியத்துக்கு நன்கொடை எழுதினார்கள் என்பது விமர்சகர்களின் வாதம். நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை வகித்த குழு 1993இல் நடுவாகத் தீர்ப்பளித்தது: முறையைப் பயன்படுத்தலாம், ஆனால் நேரில் போய்க் கேட்க வேண்டும். தொகையைச் சொல்லச் சொல்லாமல், இவ்வளவு வரி என்றால் ஆதரித்து வாக்களிப்பீர்களா என்று கேட்க வேண்டும். அந்தப் பணம் வேறு எதற்கும் மிஞ்சாது என்பதை நினைவூட்ட வேண்டும். இழப்பை ஏற்க எவ்வளவு வேண்டும் என்று கேட்காமல், காக்க எவ்வளவு தருவீர்கள் என்றே கேட்க வேண்டும்.

கடைசி நிபந்தனைக்குக் காரணம் உண்டு. ஒரே மனிதரிடம் இரண்டு கேள்வியையும் கேட்டால் காக்கத் தரும் தொகை பெரும்பாலும் சிறியதாகவே வருகிறது. கொடுப்பது கைப்பணத்தைப் பொறுத்தது, இழப்புக்குக் கேட்பதற்கு அந்த வரம்பு இல்லை. அமெரிக்கக் கரையில் எச்சரிக்கையாகத் தோன்றும் இந்த விதி, அடிவாரக் கிராமத்தில் அநியாயமாக மாறிவிடும். தலைச்சுமை விறகு விற்று அன்றாடம் பிழைக்கும் பெண்ணிடம் காட்டைக் காக்க மாதம் எவ்வளவு தருவாய் என்று கேட்டால், பதில் அவளுடைய வறுமையின் அளவைச் சொல்லுமே தவிர, காட்டின் மதிப்பைச் சொல்லாது. விறகை நிறுத்தினால் உனக்கு என்ன வேண்டும் என்பதுதான் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி.

தெற்காசியாவில் முறை 1990களில் வேர்விட்டது. பம்பாயில் போரிவிலி தேசியப் பூங்காவைக் காக்க நகரக் குடும்பங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மாதம் சராசரியாக 7.50 ரூபாய் தரச் சம்மதிப்பதாக 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. அந்தச் சிறு தொகையை நகரம் முழுவதற்கும் பெருக்கினால் அதன் நிகழ்கால மதிப்பு நூறு கோடி ரூபாயைத் தாண்டியது. இலங்கையில் சிங்கராஜ மழைக்காட்டைப் பற்றி 1999இல் வந்த ஆய்வு, காட்டோரக் கிராமத்தார், தள்ளியிருக்கும் கிராமத்தார், நகரத்தார் என்று பிரித்துக் கேட்டது. குற்றாலத்துக்கு அந்தப் பிரிப்பே சரியான முன்மாதிரி.

தென்காசிப் பக்கத்தில் இதே கேள்வி திட்டம் என்ற வடிவில் வந்தது. 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதலாவது. அதன் வடபகுதி கடையம் வரை நீள்கிறது. உலக வங்கி உதவியோடு 1990களில் அங்கே நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டுக்குள் போகிறவர்களுக்கு வேறு தொழில் செய்யச் சுழல்கடன் கொடுக்கப்பட்டது. பொருளியல் நூல் இதை ஈடு என்று சொல்லும். கடன் வாங்கிக் கறவைமாடு பிடித்த குடும்பத்துக்கு அது காட்டை விட்டுக்கொடுத்த விலை. கேரளப் பக்கத்து அகத்தியமலையில் காணிக்காரப் பழங்குடியினரின் மூலிகை அறிவுக்கும் விலை பேசப்பட்டது. அவர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து உருவான ஜீவனி மருந்தின் உரிமம் 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்குத் தரப்பட்டது. அதிலும் விற்பனையில் வரும் 2 சதவீத உரிமத்தொகையிலும் பாதி காணிக்காரருக்கு என்பது ஏற்பாடு.

காட்டுக்குச் சட்டப்படியான விலைப்பட்டியல் வந்ததற்கும் ஒரு தமிழ்நாட்டு வழக்கே தொடக்கம். கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995இல் டி. என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு நாடு முழுவதற்குமான வன வழக்காக வளர்ந்தது. காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ கேட்பவர், மரம் நட ஆகும் செலவோடு அந்தக் காட்டின் நிகர நிகழ்கால மதிப்பையும், அதாவது அது வருங்காலத்தில் தரும் பயன்களின் இன்றைய மதிப்பையும், கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. அதைக் கணக்கிடும் வழியைச் சொல்ல, டெல்லிப் பொருளியலாளர் காஞ்சன் சோப்ரா தலைமையில் குழு அமைந்தது. 2008 மார்ச் 28இல் நீதிமன்றம் விலைகளை உறுதிசெய்தது: காட்டின் வகைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. சரணாலயமானால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்காவானால் பத்து மடங்கு. 2022இல் உச்ச விலை 15,95,790 ரூபாயாக உயர்ந்தது.

தென்காசி மாவட்டத்தின் மேற்கு மலைக்காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் ஆயின; பரப்பு 356.73 சதுர கிலோமீட்டர். 2022ஆம் ஆண்டுப் பட்டியல்படி, அங்குள்ள மிக அடர்ந்த பசுமைமாறாக் காட்டில் ஒரு ஹெக்டேரின் விலை, சரணாலயத்துக்கான ஐந்து மடங்கில், கிட்டத்தட்ட 80 லட்சம் ரூபாய். அதே 2015இல், போபாலின் இந்திய வன மேலாண்மை நிறுவனம் ஆறு புலிக் காப்பகங்களை மதிப்பிட்டது. பெரியார் காப்பகத்திலிருந்து ஆண்டுதோறும் கிடைக்கும் பயன் 1,760 கோடி ரூபாய், அதாவது ஹெக்டேருக்கு 1.90 லட்சம் என்றது. அதில் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு வரும் தண்ணீரின் மதிப்பு மட்டும் 405 கோடி. ஏக்கருக்கு 30 ரூபாய்க் குத்தகையை அதன் அருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே பொருளின் விலை அல்ல, ஒன்று நில வாடகை, மற்றது காட்டின் மொத்தப் பயன் என்று கணக்கறிந்தவர் சொல்வார். சரிதான். ஆனாலும் இடைவெளி மிகப் பெரிது.

குற்றாலத்திலேயே தண்ணீருக்கு நேரடியாக விலை வைத்தவர்கள் தனியார் விடுதிக்காரர்கள். இயற்கை ஓடைகளைத் திருப்பித் தங்கள் இடத்தில் செயற்கை அருவி அமைத்து, கூட்டமில்லாக் குளியல் என்று விற்றார்கள். வாங்க ஆள் இருந்தது. மக்கள் கொடுக்கத் தயார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எந்த வினாத்தாளிலும் கிடைக்காது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் அத்தகைய அருவிகளை மூட உத்தரவிட்டது. பொது அருவிகளில் சோப்பும் ஷாம்பூவும் எண்ணெயும் கூடாது என்று தடை விதித்ததும் அதே கிளைதான்.

பொதுத் தண்ணீரில் குளிக்கக் கட்டணம் கூடாது என்பது நியாயமான நிலை. கூலிக்காரர் குடும்பமும் கோடீஸ்வரர் குடும்பமும் ஒரே அருவியடியில் நிற்பது அதனால்தான். ஆனால் வண்டி நிறுத்துமிட ஏலமும் கடை ஏலமும் விடுதி வரியும் அந்தத் தண்ணீர் ஈட்டித் தருபவை. நிகர நிகழ்கால மதிப்போ காட்டை எடுக்க அனுமதி கேட்கும்போதுதான் வசூலாகிறது. நிற்கும் காட்டின் பயனுக்காக அப்படி யாரிடமும் எதுவும் வசூலிக்கப்படுவதில்லை. ஆகவே குற்றால மலையை மதிப்பிட முன்வருபவர்கள் சீசன் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சிற்றாற்றுக் கடைமடை வரை போய்க் கேட்க வேண்டும். கிடைக்கும் எண்ணைக் கொண்டு, அந்த வருமானங்களில் ஒரு நிலையான பங்கை மலைக்காட்டின் காவலுக்கும் அதை நம்பிய அடிவாரக் குடும்பங்களுக்கும் மாவட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும்.